எதிர்ச்சுற்று: மூன்றாவது படத்தில் நின்ற பசு

போன வாரம் நாம் பிரியும்போது நொயேமியின் மானம் ஊர்க் கைப்பேசிகளில் பறந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பறக்க ஆரம்பித்தது, ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் தரையிறங்கவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் சோலே. சான் ஃபெர்மின் சதுக்கத்தில், பேண்டு மேடைக்குக் கீழே பூ வண்டி வைத்திருக்கிறேன். நொயேமி காசியாஸ் எங்கள் ஊர் மாட்டு டாக்டர். முப்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அதை ஒரு வியாதி மாதிரி விசாரிக்கிற ஊர் இது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் போனில் ஜோடி தேடுகிற ஆப் ஒன்றைப் போட்டாள். ஆண்களிடமிருந்து முதல் மெசேஜ் இருநூற்றுப் பதினான்கு வந்தது. அதில் முக்கால்வாசி வெறும் "ஹாய் அழகி". மிச்சத்தில் "கண்ணு, சமைக்கத் தெரியுமா?" என்று ஒருத்தன். "மாட்டுக்குள்ள விடுற கையாலயா டோர்த்திய்யா ரொட்டி தட்டுவ?" என்று இன்னொருத்தன். தன்னைப் பற்றி அவள் எழுதி வைத்திருந்ததே நாலு வரி. முதல் வரியில் கால்நடை மருத்துவர் என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே "என்ன வேலை பாக்குற?" என்று கேட்டவர்கள் முப்பத்தொரு பேர்!

சரி, நாமே எழுதிப் பார்ப்போம் என்று துணிந்தாள். பால் பண்ணைக்காரன் ஹெனாரோவுக்கு எழுதினாள். எங்கள் பக்கத்து ஆண்கள் படம் போட்டால் ஒன்று குதிரை, ஒன்று லாரி, ஒன்று மாடு. ஹெனாரோ மூன்றும் போட்டிருந்தான். அவள் எழுதினது இது:

"மூணாவது படத்துல உங்களுக்குப் பின்னாடி நிக்கிற கறுப்புப் பசு இடது பின்னங்காலைத் தரையில அழுத்தவே இல்லை. குளம்புக்குள்ள சீழ் பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன், சீக்கிரம் பாருங்க. பார்த்து முடிச்சதும் நேரம் இருந்தா ஒரு காபி குடிக்கலாமா?"

இதைவிட நல்ல முதல் மெசேஜை நான் கேட்டதில்லை. ஒருத்தனுடைய படத்தை முழுசாகப் பார்த்து, அவனுக்கு உபயோகமாக ஒன்றைச் சொல்லி, கடைசியில் காபிக்கும் கூப்பிட்டிருக்கிறாள். வேறென்ன வேண்டும்?

ஹெனாரோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் மாட்டைக் குறை சொல்ல ஒரு பொம்பளையா! அந்த மெசேஜை அப்படியே படம் பிடித்து, நூற்றுத் தொண்ணூறு ஆண்கள் இருக்கும் பண்ணைக்காரர்கள் குரூப்பில் போட்டான். மேலே ஒரு வரி: "மாட்டு டாக்டர் மாப்பிள்ளை பிடிக்கக் கிளம்பிட்டாங்கப்பா, அவங்கவங்க தொழுவத்தைப் பூட்டிக்கோங்க!"

அந்தக் குரூப்பில் நொயேமியின் அண்ணன் லியோபார்தோவும் இருக்கிறான்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

*

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நான் காசியாஸ் வீட்டுக்குப் போவது வழக்கம். நொயேமியின் அப்பா, ஆறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த எவாரிஸ்தோவின் படத்துக்கு வாரா வாரம் மூன்று கார்டீனியா. பூவை வாங்கிக்கொண்டு அவர் மனைவி அம்பாரோ எனக்கு ஒரு கிண்ணம் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றுவாள். அன்றைக்கும் ஊற்றினாள். ஆனால் உப்புப் போட மறந்திருந்தாள். அம்பாரோ உப்பு மறந்து நான் பார்த்ததில்லை.

நொயேமி மேசையில் உட்கார்ந்து டோர்த்திய்யாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை, பிய்த்தாள்.

அண்ணன் லியோ தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"பண்ணைக்காரர் சங்கத் தலைவர் கோவில் வாசல்ல என்னைப் பிடிச்சுக்கிட்டார். நாளைக்குக் காலையில கூட்டம். இந்த சீசன் தடுப்பூசி வேலையை யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்றாங்க."

"எனக்குத்தான். நாலு வருஷமா நான்தானே போடறேன்," என்றாள் நொயேமி.

"அது வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"வெள்ளிக்கிழமை என்ன, எனக்கு ஊசி பிடிக்க மறந்து போச்சா?"

லியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நல்லவன்தான். தங்கை படித்து முடிக்கிறவரை பண்ணையை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தினவன். ஆனால் ஊர் சிரிக்கிறது என்றால் அவனுக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

"தலைவர் நல்ல மனுஷன். வழி சொல்லியிருக்கார். உன் போனை யாரோ புதன்கிழமை திருடிட்டாங்க, அந்த மெசேஜ் உன்னுது இல்லைன்னு குரூப்புல ஒரு வரி. அவ்வளவுதான். எல்லாரும் மறந்துடறதா சொல்றார்."

"போன் இதோ என் கையில இருக்கு."

"நொயேமி, விளையாடாதே."

"நான் எழுதினதை நீ படிச்சியாண்ணே?"

"படிச்சேன்."

"அதுல எந்த வார்த்தை தப்பு? காட்டு." போனை அவன் பக்கம் தள்ளினாள். "இந்த ஊர் ஆம்பளைங்க எனக்கு எழுதினதையும் காட்டறேன், பக்கத்துல வச்சுப் பாரு."

லியோ படித்தான். திரும்பவும் படித்தான். அவன் உதடு அசைவதை நான் பார்த்தேன், குளம்பு என்கிற இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு போனைத் திருப்பித் தள்ளினான்.

"தப்பு வார்த்தையில இல்லை. எழுதினது நீங்கறதுதான் தப்பு."

"இதையே ஒரு ஆம்பளை எழுதியிருந்தா?"

"அக்கறைன்னு சொல்லியிருப்பாங்க," என்று நான்தான் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சோலே அக்கா, நீங்க குழம்பைக் குடிங்க." லியோ சுவரில் இருந்த படத்தைக் காட்டினான். "அந்த மனுஷன் எப்படிப் பண்ணினார்? ஞாயித்துக்கிழமை சதுக்கத்தைச் சுத்தி நடக்கறப்போ, மூணாவது சுற்றுல, அம்மா கையில பூவைக் குடுத்தார். அம்மா கண்ணைக்கூட நிமிர்த்தலை. ஆம்பளை கேட்பான், பொம்பளை பதில் சொல்லுவா. இந்த வீட்டுல அப்படித்தான் வந்திருக்கு."

அம்பாரோ என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். நாற்பத்தோரு வருஷமாக நாங்கள் இருவரும் அந்த இடம் வந்தால் இப்படித்தான் பார்த்துக்கொள்வோம்.

"அந்தப் பூவை வாங்கினது நான்," என்றாள் அம்பாரோ.

லியோ தொப்பியைக் கழற்றினான்.

"உங்கப்பா ஒம்பது வாரம் சும்மாவே சுத்தினார்டா. வாயில்லாப் பூச்சி. பத்தாவது வாரம் எனக்குக் கால் வலிச்சுது. நானே ஒரு பூ வாங்கி, இவ கையில குடுத்து, 'அந்த நெட்டையன்கிட்ட குடு, அடுத்த சுற்றுல என்கிட்ட நீட்டச் சொல்லு'ன்னு அனுப்பினேன்."

லியோ மெல்ல என் பக்கம் திரும்பினான். "சோலே அக்கா?"

"பூ என் பூ. நடந்தது என் கால். எனக்கு அப்போ பதினேழு வயசு," என்றேன்.

நொயேமிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மூன்று நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். "அம்மா! கள்ளி!"

"சிரிக்காதேடி." அம்பாரோவின் குரல் கனத்தது. "அதுக்காக இதைச் சொல்லலை. நான் செஞ்சேன், ஆனா மறைச்சேன். கதையை அவர் சொல்லுவார், நான் தலையைக் குனிஞ்சு சிரிப்பேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? வீடு வந்துச்சு, பண்ணை வந்துச்சு, நீங்க வந்தீங்க. நீயும் ஒரு வரி சொல்லிடு. போன் போச்சு, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. முடியும். நான் மறைச்சேனே!"

அது அவள் பயத்தில் சொன்னது. எனக்குத் தெரியும். மகளுடைய வேலை போய்விடும் என்ற பயம், மகள் தனியாக நின்றுவிடுவாள் என்ற பயம். பயந்த தாய் எதையும் சொல்லுவாள்.

நொயேமி எழுந்தாள். "அம்மா, உங்க பூவை நீங்க மறைச்சீங்க. அது உங்க இஷ்டம். நான் எழுதினதை நான் எழுதலைன்னு சொல்ல மாட்டேன். வேலை போனாலும் சொல்ல மாட்டேன்."

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

லியோ தன் போனை எடுத்தான். பெரிய விரல்கள், மெதுவாகத்தான் தட்டும். நாங்கள் ஏதோ செய்தி பார்க்கிறான் என்று நினைத்தோம்.

"அனுப்பிட்டேன்," என்றான்.

"என்ன அனுப்பினே?"

"என் தங்கச்சி போன் திருடு போச்சு, அந்த மெசேஜ் அவ எழுதினது இல்லைன்னு."

நொயேமியின் முகத்தில் ஈயாடவில்லை. "என் பேர்ல பொய் சொல்ல உனக்கு யார் உரிமை குடுத்தா?"

"உன் பேர்ல சொல்லலை. என் பேர்ல சொன்னேன். நானும் காசியாஸ்தான்."

அவள் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவை அறையக்கூட இல்லை. அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

*

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பொய் வேலை செய்தது.

பத்தே நிமிஷத்தில் குரூப்பில் கட்டைவிரல்கள் குவிந்தன. "நல்ல வேளை!" "எங்களுக்கு அப்பவே சந்தேகம்!" "காசியாஸ் வீட்டுப் பொண்ணு அப்படிச் செய்யுமா?" வெள்ளிக்கிழமை பல்லைக் காட்டினவர்களே ஞாயிற்றுக்கிழமை நியாயம் பேசினார்கள். சங்கத் தலைவர் கும்பிடும் கை ஒன்று போட்டார். இரண்டு நாள் ஊமையாகக் கிடந்த நொயேமியின் போன் மதியத்துக்குள் மூன்று தடவை அடித்தது. ஒரு பசுவுக்கு மடிவீக்கம், ஒன்றுக்குச் சினைப் பரிசோதனை, ஒன்று கன்று போட முடியாமல் தவிக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தடுப்பூசி வேலை கிடைக்கும், அண்ணன் சிரிப்பான், அம்மா உப்புப் போடுவாள். எல்லாம் பழையபடி.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் என் வண்டிக்கு வந்தாள். கால்சட்டையெல்லாம் சேறு. காதோரம் காய்ந்த ரத்தம், மாட்டுடையது. நான் அன்றைய பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"கன்னு பிழைச்சுதா?"

"பிழைச்சுது. பொட்டைக் கன்னு." பூ வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "சோலே அக்கா, தோள் வரைக்கும் கை உள்ள இருக்கு. கன்னோட கால் ரெண்டும் என் பிடியில. விட்டா செத்துடும். அப்போ அந்தப் பண்ணைக்காரர் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னைப் பாராட்டறார். 'எனக்கு அப்பவே தெரியும் டாக்டரம்மா, நீங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்னு!'"

"நீ என்ன சொன்னே?"

"கையில கன்னு இருக்கே, என்ன சொல்றது?" குரல் கோபத்தில் உயர்ந்தது. "நான் அப்படிப்பட்டவதான், அக்கா. நான்தான் எழுதினேன். ரெண்டு தடவை திருத்தி எழுதினேன். ஒரு மனுஷனைப் பார்த்தேன், பிடிச்சுது, கேட்டேன். அதுக்கு அவன் என்னைச் சிரிப்பாக்கினான், எங்கண்ணன் என்னை இல்லாமலே ஆக்கிட்டான். சிரிப்பாக்கினதையாவது பொறுத்துக்கலாம்."

நாற்பத்தோரு வருஷமாக இதே இடத்தில் நின்று, எத்தனை பெண்களின் பூவை ஆண்களின் கையில் கொண்டுபோய்த் திணித்திருக்கிறேன் தெரியுமா? அம்பாரோ முதல் ஆள், கடைசி ஆள் இல்லை. அந்தப் பட்டியலை இங்கே சொன்னால் பாதி வீட்டில் இன்று அடுப்பு எரியாது. நான் வாயைத் திறந்ததே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

"ஒரு பூ தரவா?" என்றேன்.

"பூ வேண்டாம். காகிதமும் பேனாவும் குடுங்க."

*

ஞாயிற்றுக்கிழமை சுற்று எங்கள் ஊரில் ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். பெண்கள் உள்வட்டம், கடிகாரம் போகிற பக்கம். ஆண்கள் வெளிவட்டம், எதிர்ப்பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் முகத்துக்கு முகம் இரண்டு தடவை. பிடித்தவளிடம் ஆண் பூவை நீட்டுவான். அடுத்த சுற்றில் அந்தப் பூ அவள் கையில் இருந்தால் பக்கத்தில் சேர்ந்து நடக்கலாம். இல்லாவிட்டால் பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். மேடையில் பேண்டு. நடுநடுவே அறிவிப்புக்காரன் லாலோ, ஜனங்கள் எழுதிக் கொடுத்த சீட்டை மைக்கில் வாசிப்பான்: இந்தப் பாட்டு இன்னாருக்கு, இன்னார் அன்போடு.

கோவில் படிக்கட்டில் அம்பாரோவைப் பார்த்தேன். புருஷன் போனதிலிருந்து சுற்று நேரத்துக்கு அவள் சதுக்கத்துப் பக்கமே வந்ததில்லை. கறுப்புக் கவுன், கறுப்புச் சால்வை, பக்கத்தில் நாலைந்து பெண்கள். லியோ எதிர்ப்பக்கம் லாரியில் சாய்ந்து நின்றான். ஹெனாரோ புதுத் தொப்பியில் வெளிவட்டத்தில் இருந்தான், கூடவே அவன் பண்ணைப் பால்காரன்.

நொயேமி முகம் கழுவி, சேற்றுக் கால்சட்டையோடு வந்தாள். பெண்கள் வட்டத்துக்குள் போவாள் என்று எல்லாரும் வழி விட்டார்கள். அவள் அதைத் தாண்டி வெளிவட்டத்துக்குப் போனாள். ஆண்களோடு ஆணாக, எதிர்ச்சுற்றில் நடக்க ஆரம்பித்தாள்.

நடுவிலே ஒரு மாடு புகுந்திருந்தால்கூட எங்கள் ஆண்கள் இவ்வளவு தடுமாறியிருக்க மாட்டார்கள். முன்னால் போனவன் நின்றான், பின்னால் வந்தவன் அவன் மேல் மோதினான்.

"டாக்டரம்மா, வழி மாறி வந்துட்டீங்களா?"

"இல்லை, தெரிஞ்சுதான் வந்தேன். நடங்க."

ஹெனாரோ திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்ன டாக்டரம்மா, போன் கிடைச்சுதா? திருடன் பிடிபட்டானா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நொயேமி மேடையைப் பார்த்துத் தலையசைத்தாள்.

லாலோ நொயேமி எழுதிக் கொடுத்திருந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், காப்பாத்துங்க அக்கா என்கிற மாதிரி. "இதுல பாட்டுப் பேரே இல்லையே!" என்றான் கீழே குனிந்து.

"ஏதாவது ஒரு போல்கா பாட்டு வாசிக்கச் சொல்லு. முதல்ல சீட்டைப் படி. வயசு இருபத்தெட்டு ஆச்சு, வாசிக்கத் தெரியாதா?" என்று அதட்டினேன்.

லாலோ படித்தான். மைக் நன்றாக வேலை செய்தது, கடவுளுக்கு நன்றி. அந்தப் பசு, அந்த இடது பின்னங்கால், அந்தக் காபி, எல்லாம் வரிக்கு வரி சதுக்கம் முழுக்கக் கேட்டது. பிறகு மிச்சம்:

"'என் போனை யாரும் திருடலை. இதை எழுதினது நான்தான். எங்கண்ணன் என்னைக் காப்பாத்தறதா நினைச்சுப் பொய் சொல்லிட்டார், அதை இங்க உடைக்கறதுக்கு நான் ஊர்கிட்ட மன்னிப்புக் கேட்கலை, அவர்கிட்ட மட்டும் கேட்டுக்கறேன். ஹெனாரோ, காபிக்குக் கூப்பிட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன். குளம்பைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கலை. இன்னைக்கே பாருங்க. இப்படிக்கு, டாக்டர் நொயேமி காசியாஸ்.'"

பேண்டுக்காரர்கள் வாசிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வட்டமும் அசையவில்லை.

ஹெனாரோதான் முதலில் சிரித்தான், சத்தமாக. "கேட்டீங்களாப்பா! என் மாட்டுக்கு ஒண்ணுமே இல்லை! படத்தைப் பார்த்து வைத்தியம் பார்க்கறாங்களாம்!"

"முதலாளி," என்றான் அவன் பால்காரன். பாவம், வெள்ளந்தி. மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. "அந்தக் கறுப்பி காலையிலேர்ந்து எந்திரிக்கவே இல்லையே. சொன்னேனே, நீங்கதான் திங்கட்கிழமை பார்க்கலாம்னுட்டீங்க."

அடடா, அந்தச் சிரிப்பு! உள்வட்டத்தில் ஒரு பெண் ஆரம்பித்தாள், பிறகு அது சதுக்கத்தையே சுற்றி வந்தது. இந்தத் தடவை சிரிப்புக்கு ஆளானது வேறு ஆள். ஹெனாரோவின் புதுத் தொப்பி இறங்கிக்கொண்டே போய்ப் புருவத்தில் நின்றது.

நொயேமி சிரிக்கவில்லை. அவள் லாரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். லியோவின் முகம் வெளுத்திருந்தது. ஊர் முன்னால் அவன் பொய்யன் ஆகிவிட்டான், ஆக்கினது தங்கை. அவன் லாரிக்குள் ஏறி, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நொயேமியின் நடை அந்த இடத்தில் ஒரு தடவை தடுக்கியது. ஆனால் நிற்கவில்லை. எதிர்ச்சுற்றிலேயே, தனியாக நடந்தாள். ஆண்கள் அவளைச் சுற்றி இடம் விட்டு ஒதுங்கினார்கள்.

அப்போது என் வண்டிக்கு முன்னால் ஒரு கறுப்புச் சால்வை வந்து நின்றது.

"ஒரு பூ குடு, சோலே."

"யாருக்குக் கொண்டு போகணும்?" வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

அம்பாரோவின் கண் சிவந்திருந்தது. "மத்தியானம் கோவில் வாசல்ல அத்தனை பேரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'உன் வயித்துல பிறந்தவ முதல்ல எழுதுவாளா? நாங்க நம்பவே இல்லை அம்பாரோ'ன்னு. நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பாடு இறங்கலைடி. என் வயித்துல பிறந்தவ எழுதாம வேற யார் எழுதுவா?"

பெரியதாகப் பார்த்து ஒரு கார்டீனியா எடுத்துக் கொடுத்தேன்.

"நீ இங்கயே இரு," என்றாள். "இந்தத் தடவை நானே கொண்டு போறேன்."

பூவைக் கறுப்புக் கவுனில், நெஞ்சுக்கு நேராகக் குத்திக்கொண்டாள். உள்வட்டத்தைக் குறுக்கே கடந்து வெளிவட்டத்துக்குப் போய், மகள் கையோடு கை கோத்துக்கொண்டாள். ஆறு வருஷமாகச் சுற்றுக்கு வராத விதவை, பூ வைத்துக்கொண்டு, ஆண்கள் போகிற பக்கமாக நடந்தாள். எதிரே வந்த பெண்கள் எல்லாருக்கும் இரண்டு பேருடைய முகமும் நேராகத் தெரிந்தது.

லாலோவுக்கு அப்போதுதான் போல்கா ஞாபகம் வந்தது.

அன்றைக்கு மூன்று பெண்கள் என் வண்டிக்கு நேராக வந்து, எல்லார் பார்க்கவும் பூ வாங்கிப்போனார்கள். யார் யாரிடம் நீட்டினார்கள் என்பது அவரவர் பாடு. நான் கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

*

எட்டரை மணிக்கு அம்மாவும் மகளும் என் வண்டியோரம் வந்து உட்கார்ந்தார்கள். அம்பாரோ செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னாலும் இதே கால்தான் வலித்தது.

நொயேமியின் போன் ஒலித்தது, மெசேஜ். லியோ.

"நாளைலேர்ந்து பண்ணைப் பக்கம் வராதே. கேட்டுக்குப் பூட்டு மாத்திட்டேன். சங்கக் கூட்டத்துக்கு நான் போகலை. நீயே போய்ப் பேசிக்கோ."

அவள் அதை அம்மாவிடம் காட்டினாள். அம்பாரோ இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்பன் மாதிரியே. கோபத்தைக்கூட நேர்ல சொல்லத் தெரியாது," என்றாள். ஆனால் அவள் கை சால்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. நொயேமி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி பூவை அடுக்கினேன்.

போன் மறுபடியும் ஒலித்தது. இந்தத் தடவை அந்த ஆப்.

ஹெனாரோ.

எழுத்து ஒன்றுகூட இல்லை. வெறும் படம். வைக்கோலில் நீட்டிக் கிடக்கிற கறுப்புக் கால், குளம்புக்கு மேலே முலாம்பழம் அளவுக்கு வீக்கம். இடது பின்னங்கால்.

நொயேமி படத்தைப் பெரிதாக்கி, பக்கவாட்டில் திருப்பி, உற்றுப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"இதோட இருநூத்துப் பதினஞ்சு, சோலே அக்கா. ஒரு ஆம்பளை எனக்கு உருப்படியா அனுப்பின முதல் மெசேஜ் இதுதான்."

"போகப் போறியாடி?" என்றாள் அம்பாரோ. "அவன் பண்ணினதுக்கு?"

"பசு ஒண்ணும் பண்ணலையேம்மா."

மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே பதில் தட்டினாள். அனுப்புவதற்கு முன் எங்கள் இருவருக்கும் காட்டினாள். இந்தத் தடவை ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

"வர்றேன். வெந்நீர் போட்டு வைங்க. காபிக்கு இல்லை, குளம்புக்கு."